எடைக்கு ஒரு இரும்பு

கெடுக்குமா கெடுக்காதா, அதை மட்டும் சொல் சிவேமா,
என்று மேசைமேல் வைத்தான் டோட்டோ
உப்பிய ஒரு போனையும்
வெள்ளைவெளேரென்று ஒரு சார்ஜரையும்.

காரியாகோவில், மாடிப்படிக்குக் கீழே,
மேசை அகலம்தான் என் கடை.
ஏறுகிறவர்களின் செருப்பு மண்
என் பூதக்கண்ணாடியில் விழும்.
ஊதிவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

கையில் வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது.
கனமிருந்தால் நல்ல சரக்கு என்று
தார் எஸ் சலாம் முழுக்க நம்புகிறது.
செய்தவனுக்கும் அது தெரியும்.
கத்தி முனையால் நெம்பினேன்.
உள்ளே
ஒரு வேலையும் இல்லாமல்
பசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தது
இரும்புத் துண்டு.
எடைக்கு.

உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.
இதற்கும் சேர்த்தா மூவாயிரம் ஷில்லிங்?

இங்கே பார்.
இந்தப் பக்கம் சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்,
அந்தப் பக்கம் உன் போனுக்குப் போகும் ஐந்து.
நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டாமா?
இதில் எள் நிற்காது.
ஒரு எறும்பு குறுக்கே விழுந்து செத்தால்
சுவர் மொத்தமும் உன் காதுக்கு வந்துவிடும்.

மலிவெல்லாம் இப்படியில்லை.
என் வீட்டில் நாலாயிரத்துக்கு வாங்கிய ஒன்று
மூன்று வருடமாய் முணுமுணுக்காமல் உழைக்கிறது.
பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது,
ஆனால் அது தன் பேரில் விற்றது.
இது அடுத்தவன் பேரில்,
அதிலும் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டு.

பேட்டரியைக் கழற்றி மணல் டப்பாவில் போட்டேன்.
சிப்பின் ஓரத்தில் ஒரு கருப்புப் பொட்டு.
இதுதான் கெடுத்தது என்று
சத்தியம் செய்யமாட்டேன்.
போன வாரம் மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது.
இவனும் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறானாம்.

பிறகும் போகவில்லை டோட்டோ.
ஒன்று சொல்வேன், சிரிக்காதே.

இதைச் செருகினாலே
திரைக்குப் பித்துப் பிடிக்கும்.
தொடாமலே பக்கம் புரளும்,
கால்குலேட்டர் ஏழு ஏழாய் எண்ணிக்கொண்டே போகும்.
போன வியாழன் இரவு இரண்டு மணிக்கு
அதுவாகவே குல்வாவைக் கூப்பிட்டது.

குல்வா இவனுடைய இரட்டை.
முந்தி வந்தவன் குல்வா, பிந்தி வந்தவன் டோட்டோ,
சுகுமா வீடுகளில் இதற்கு யோசிப்பதே இல்லை.
முவான்சாவில் படகு என்ஜினுக்கென்று
குல்வா வாங்கிய கடனில்
வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை,
இரண்டு வருடமாய்ப் பேச்சும் வரவில்லை.

எடுத்துவிட்டான், சிவேமா.
நீயா, என்றான்.
நான் கூப்பிடவில்லை, சார்ஜர் கூப்பிட்டது என்றேன்.
கொஞ்ச நேரம் ஏரிக்காற்று மட்டும் கேட்டது.
என் போனுக்கும் அந்த வியாதி உண்டு, என்றான்,
ஆனால் உன்னை ஒருதடவைகூடக் கூப்பிட்டதில்லை.

நாற்பது நிமிடம். திட்டியதே முப்பது.
காது சுட்டது. மாற்றுக் காதில் வைத்தேன்.
அதுவும் சுட்டது.
ஒயரைப் பிடுங்க மனம் வரவில்லை,
பிடுங்கினால் போன் அணைந்துவிடும்.
காலையில் பார்த்தால் இப்படி உப்பியிருந்தது.

வடிகட்டாத கரண்ட், என்றேன்.
அதன் நடுக்கத்தைத் திரை
விரல் என்று நம்பிவிடும், அவ்வளவுதான்.
தலையாட்டினான். கேட்ட மாதிரி தெரியவில்லை.

பேட்டரி, சிப், என் கூலி, முப்பத்தெட்டாயிரம்.
பாதியை எண்ணி வைத்தான்.
மீதி?
குல்வா அனுப்புவான், அசலில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இரும்புத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தெருவில் இறங்கினான்.
சார்ஜரின் பின்களை நான் குறட்டால் முறித்தேன்.
குப்பையில் அப்படியே போட்டால்
சாயங்காலத்துக்குள் யாராவது ஒட்டி
இரண்டாயிரத்துக்கு விற்பார்கள்.

இரவு, வீட்டில்
என் போன் தரையில் சார்ஜாகிறது.
சூடில்லை. நடுக்கமில்லை.
நல்ல சார்ஜர்.
யாரையும் கூப்பிடாது அது.
இரண்டு மணிவரை
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.